கேள்வியிலும் குணம் தெரியும்!

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு இன்டர்வியூ போய் வந்தாள், என் அண்ணன் மகள். பாடத்தைப் பற்றி ஒரே கேள்விதானாம். மற்றதெல்லாம், "கல்யாணம் எப்போம்மா? குழந்தை பொறந்தா வேலையை விட்டுடுவியா?" என்பதுதான்.

வேலைக்கு வரும் பெண்ணிடம் மாதவிலக்கு, கர்ப்பம் பற்றியெல்லாம் விவரம் கேட்டது, எல்.ஐ.சி., படிவம். நீரா மாத்தூர் வழக்கில், 1991லேயே அதைக் கண்டித்த சுப்ரீம் கோர்ட், அந்தக் கேள்விகளை நீக்கச் சொன்னதோடு, அவருக்கு மறுபடி வேலையும் தரச் சொன்னது.

வருபவளின் குணம் தெரிய வேண்டுமா? "கணக்கு வராத பிள்ளையை என்னம்மா பண்ணுவே?" என்று கேளுங்கள். அடிப்பாளா, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவாளா என்பது தெரிந்துவிடும். கல்யாணக் கேள்வியில் தெரிவதோ, கேட்பவர் குணம்தான்!

தாளாளர்கள் யோசிப்பார்களா?

– ஒரு வாசகி, ராசிபுரம்.