பொய்ப் படம் யாருக்கு உதவுகிறது?

2024 ஜூலை 16 அன்று வங்கதேசத்தின் ரங்பூரில், இரு கைகளையும் விரித்து நின்ற மாணவர் அபு சயீதைக் காவல்துறை சுட்டது. முதல் தகவல் அறிக்கையோ பழியைப் போராட்டக்காரர்கள் மீதே போட்டது. காணொளி அந்தப் பொய்யை உடைத்தது. ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு ஓடினார்.

அதன்பின், அவாமி லீக் எம்.பி.யாக இருந்த கிரிக்கெட் வீரர் மஷ்ரஃபே மொர்தசாவின் வீடு எரிந்த படத்தை, இந்து வீரர் லிட்டன் தாஸின் வீடு என்று பரப்பினார்கள். அங்கே சிறுபான்மை இந்துக்கள் தாக்கப்பட்டது உண்மை. ஆனால், ‘எல்லாமே கட்டுக்கதை’ என்று உண்மையான சாட்சியங்களையும் ஒதுக்கித்தள்ள இப்படியொரு பொய்ப் படம் போதும்.

யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று கேட்போம் தோழர்களே. ஒடுக்கப்பட்டவர்களின் சாட்சியத்தைக் காப்பாற்றவே அந்தக் கேள்வி.