அடுப்பு ஒருநாள் செலவு, எரிபொருள் தினச் செலவு

என்னிடம் படித்த பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். சிராங்கூன் சாலைப் பக்கம் சிறிய அடுக்குமாடி வீடு. மனைவி, கைக்குழந்தை, தோட்டத்திலிருந்து போன தாயார். தாயாருக்குக் கேஸ் என்றாலே பயம். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளில் எரியும் 'பெல்லட்' அடுப்பு புகையாது, மலிவு என்று யாரோ சொன்னார்களாம். வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறான்.

இந்த அடுப்பு குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க வந்தது. மின்சாரத்தால் இயங்கும் திருகு ஒன்று குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்பில் தள்ளும். புகை குழாய் வழியே வெளியே போய்விடும். சிங்கப்பூரில் குளிர் ஏது? அங்கே அது சமையலுக்கு உதவுமா என்பதுதான் கேள்வி.

சமையலுக்கு அதைச் செய்து பார்த்த ஊர் உண்டு, தாய்மார்களே. 2006-இல் பி.பி. என்னும் பெரிய எண்ணெய்க் கம்பெனி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு 'ஊர்ஜா' என்ற அடுப்பைக் கொண்டுவந்தது. கரும்புச் சக்கை, கடலைத் தோல் போன்றவற்றை அழுத்திய குச்சிகளை மேலே போட்டால், அடியில் பேட்டரியில் சுழலும் சிறு விசிறி காற்றை ஊதும். புகை வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன.

பிறகு என்ன ஆயிற்று? சக்கைக்கும் தோலுக்கும் வேறு ஆலைகள் போட்டியிட, குச்சி விலை ஏறியது. விறகைப் போலக் காட்டில் பொறுக்கிக்கொள்ள முடியாத பொருள் அது; விற்பவன் கொண்டுவந்தால்தான் உண்டு. 2009-இல் பி.பி. விலகி, தொழில் வேறு கம்பெனியின் கைக்குப் போனது. வாங்கிய வீடுகளில் பெரும்பாலானவை அந்த அடுப்பை மூலையில் வைத்துவிட்டன. அடுப்பில் பழுதில்லை. போடுவதற்குக் குச்சிதான் கட்டுப்படியாகவில்லை!

ஆகவே தம்பி, அடுப்பின் விலையைக் கேட்குமுன், மாதம் எத்தனை கிலோ செல்லும், எந்தக் கடையில் கிடைக்கும், அந்தக் கடை மூடினால் அடுத்தது எங்கே என்று கேள். சிங்கப்பூர் ஈரக்காற்றில் குச்சி நமுத்து உதிர்ந்துவிடும் என்பதையும் நினைத்துக்கொள். இன்னொன்று, புகை கண்ணுக்குத் தெரியாததால் காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை. விறகோ, கரியோ, குச்சியோ, சாளரம் சாத்திய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமுமில்லை, வாடையுமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் புகைபோக்கி இல்லாத அடுப்பு வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூரில் குழாய் எரிவாயு பழைய சங்கதி. காலாங் எரிவாயு ஆலை 1862-இல் தெருவிளக்குக்காக அமைக்கப்பட்டு, 1998-இல்தான் மூடப்பட்டது. இப்போது செனோக்கோவிலிருந்து வருகிறது. உன் வீட்டுக்குக் குழாய் இருந்தால் அதையே எடுத்துக்கொள். தோம்பைத் தூக்கவும் வேண்டாம், பாதிச் சமையலில் தீர்ந்துபோகவும் செய்யாது. குழாய் இல்லையென்றால் தோம்பு. ஆனால் ஒன்றுக்குச் செய்த அடுப்பை மற்றொன்றில் மாட்டக் கூடாது. இரண்டுக்கும் வாயுத் துளையின் அளவு வேறு. உறவுக்காரர் பழைய அடுப்பைச் சும்மா தருகிறார் என்றாலும் முதலில் இதைப் பார்.

தாயாரின் பயத்தைக் கேலி செய்யாதே. ஆயுளெல்லாம் ரப்பர் விறகை ஊதிச் சமைத்த கை அது. பக்கத்தில் நின்று பத்து நாள் திருகைத் திறக்கவும் மூடவும் பழக்கு. தோம்புக் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். குழாய் வாயு இலேசு, மேலே ஏறும் என்று சொல்லிக் கொடு. வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி கிழிக்காமல், திருகை மூடிச் சாளரங்களைத் திறந்துவிட்டுக் குழந்தையோடு வெளியே வந்துவிடச் சொல்.