எந்த ஆட்டம் நன்று?

இணையத்திலே நேரே திறந்து விளையாடத்தக்க ஆட்டம் யாதென்று சுன்னாகத்து மாணவர் சிலர் வினவுகின்றனர். தேடியவுடன் முதலில் வந்து நிற்பதே சிறந்ததென எண்ணற்க. விளம்பரப் பணம் கொடுத்தோரும் முன்வரிசையில் நிற்பர். இலவச ஆட்டமென்று அழைத்துவிட்டு வங்கி அட்டை எண்ணைக் கேட்கும் தளத்தை அக்கணமே மூடிவிடுக.

நாம் விரும்புவது 'லீசெஸ்' என்னும் சதுரங்கத் தளம். 2010இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொடங்கியது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஒரு நகர்த்தலுக்கு 14 நாள்வரை தவணை வைத்தும் ஆடலாம். ஆதலின் சுன்னாகத்துப் பாட்டனார் காலையில் ஒரு காயை நகர்த்த, ரொறன்ரோவிலுள்ள பேரன் பள்ளி விட்டு வந்து தன் காயை நகர்த்தலாம். இடையே மின்சாரம் நின்றாலும் ஆட்டம் கெடாது. நிமிடக் கணக்கில் ஓடும் விரைவாட்டமும் அங்குண்டு; பரீட்சை முடியும்வரை மாணவர் அப்பக்கம் செல்லாதிருப்பாராக.