பிசிக்கை விடுவதற்கு முன் எஃபெல்ஸ்பேர்க் போய் வாருங்கள்

கிம்னாசியத்தில் மேல் வகுப்புக்குப் போகும்போது எந்தப் பாடத்தை வைத்திருப்பது, எதை விடுவது என்ற கேள்வி வரும். மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறினாலும் நம் வீடுகளில் பேச்சு ஒரே மாதிரித்தான் போகும். "டொக்டருக்குப் படிக்கிறதெண்டால் பயோ எடு. ஐ.ரி.க்குப் போறதெண்டால் இன்ஃபோர்மாட்டிக் எடு. பிசிக் என்னத்துக்கு? அதாலே என்ன வேலை கிடைக்கும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். வதிவிட அனுமதி கிடைக்குமா என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு, பிள்ளைக்கு நிரந்தர வேலை வேண்டும் என்பது பேராசை இல்லை. நானும் எஞ்சினியரிங்கில் மாஸ்டர் படித்துவிட்டு ஐ.ரி.யில்தான் வேலை செய்கிறேன். ஆனால் "என்ன பயன்?" என்ற ஒரே கேள்வியை வைத்துப் பாடத்தைத் தெரிவு செய்தால், நம் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் நடக்கிற பெரிய வேலைகளில் நமக்குப் பங்கில்லாமல் போய்விடும். அதற்கு ஓர் உதாரணமாக வானத்தின் காந்தத்தைச் சொல்கிறேன்.

10 மார்க் தாளில் இருந்தவர்

யூரோ வருவதற்கு முன் புழங்கிய கடைசி 10 மார்க் தாளில் யாருடைய முகம் இருந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கார்ல் பிரீட்ரிக் கவுஸ். கணித வகுப்பில் நீங்கள் சந்திக்கிற அதே கவுஸ்தான். 1830களில் கோட்டிங்கனில் வில்ஹெல்ம் வேபரோடு சேர்ந்து பூமியின் காந்தத்தை அளந்தவர். காந்தப்புலத்தின் ஓர் அலகுக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நாம் வாழும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய அரை கவுஸ். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தத்துக்கு அதைவிட நூறு மடங்களவு வலிமை இருக்கும். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளில் 3000 கவுஸ் வரை போகும். அந்தப் புள்ளிகள் காந்தத்தால் ஆனவை என்று 1908இல் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஜோர்ஜ் எலரி ஹேல். மக்னெட்டார் எனப்படும் செத்த நட்சத்திரங்களில் ஒன்றுக்குப் பின்னால் 14 சைபர் போட வேண்டும்.

இப்போது மறுபக்கம் போவோம். நம் பால்வீதியில் நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெளியிலும் காந்தப்புலம் இருக்கிறது. அதன் வலிமை பூமியினுடையதில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்கு. "இவ்வளவு சின்னதா, விடு" என்று தோன்றும். ஆனால் அங்கே இருக்கும் வாயுவும் மிக மெல்லியது. அந்த வாயு கொந்தளிப்பதில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றல் இந்தக் காந்தப்புலத்திலும் இருக்கிறது. புதிய நட்சத்திரம் உருவாக வாயு ஒடுங்கும்போது அதை எதிர்த்து நிற்பதும், விண்வெளியில் பாய்ந்து திரியும் மின்னேற்றத் துகள்களின் பாதையைத் திருப்புவதும் இதுதான்.

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது

அவ்வளவு தூரத்துக்கு யாரும் திசைகாட்டி கொண்டுபோக முடியாது. பிறகு எப்படி அளந்தார்கள்?

முதல் நல்ல கணக்குகளில் ஒன்றைச் செய்தவர் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1953இல் என்ரிகோ ஃபெர்மியோடு சேர்ந்து செய்தார். காந்தப்புலத்தை உடுப்புக் காயப்போடும் கொடியாக நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய கொடி காற்றில் கொஞ்சம்தான் ஆடும். தளர்ந்த கொடி கண்டபடி ஆடும். விண்வெளித் தூசியைக் கடந்து வரும் நட்சத்திர ஒளியிலிருந்து புலத்தின் திசை எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். வாயு எவ்வளவு வேகமாக அலைக்கிறது என்றும் தெரியும். இரண்டையும் வைத்து அவர்கள் சொன்ன விடை, ஒரு கவுஸின் பத்து இலட்சத்தில் ஏழு பங்கு. எழுபது ஆண்டு கழித்தும் நாம் சொல்கிற அளவு அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

அடுத்த பெரிய அடி இங்கே, ஜேர்மனியில் வைக்கப்பட்டது. பொன் நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீற்றரில், ஐஃபெல் மலைப்பகுதியில் ஒரு பள்ளத்தாக்கில் எஃபெல்ஸ்பேர்க் ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. தட்டின் விட்டம் 100 மீற்றர், எடை 3200 தொன். 1971இல் திறந்தார்கள். எல்லாப் பக்கமும் திருப்பக்கூடிய தொலைநோக்கிகளில் 2000ஆம் ஆண்டு வரை உலகிலேயே பெரியது இதுதான்.

அதை நடத்தும் பொன் மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் காந்தப்புல ஆராய்ச்சியை வளர்த்தவர் ரிச்சார்ட் வீலெபின்ஸ்கி. 1936இல் போலந்தில் பிறந்து, போருக்குப் பிறகு குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவுக்குப் போனவர். அங்கே படித்தது எஞ்சினியரிங். கேம்பிரிட்ஜில் பட்டம் முடித்து, பிறகு பொன்னுக்கு இயக்குநராக வந்தார். போர் இடம்பெயர்த்த குடும்பத்துப் பிள்ளை எஞ்சினியரிங் படிப்பது நமக்குப் புதிதில்லை. அந்தப் படிப்போடு அவர் எதைத் தேடிப் போனார் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

வீலெபின்ஸ்கியும் ரைனர் பெக் போன்ற அவருடைய சகாக்களும் 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ள அன்ட்ரொமேடா கலக்ஸியைப் பார்த்தார்கள். காந்தப்புலத்தைக் கடந்து வரும் ரேடியோ அலையின் அதிர்வுத் திசை கொஞ்சம் திரும்பும். ஒளியில் இந்த விளைவை 1845இல் மைக்கேல் ஃபரடே கண்டிருந்தார். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால், புலம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லலாம். அன்ட்ரொமேடாவின் ஒரு பக்கத்தில் அது வந்தது, மறுபக்கத்தில் போனது. ஒரு கலக்ஸி முழுவதையும் சுற்றி ஒரே திசையில் ஓடுகிற காந்த வளையம்! வெறும் மிச்சசொச்சக் காந்தமாக இருந்தால் இந்த ஒழுங்கு வராது. ஏதோ ஒன்று அதை உண்டாக்கிப் பேணிக்கொண்டிருக்க வேண்டும்.

டைனமோவின் நூறாவது வருடம்

அந்த ஏதோ ஒன்றை விளக்குகிற கோட்பாடும் இந்த நாட்டில்தான் பிறந்தது. 1866இல் வேர்னர் சீமென்ஸ் ஒரு டைனமோ செய்தார். சைக்கிள் டைனமோவில் உள்ளதுபோல நிரந்தரக் காந்தம் அதற்குத் தேவையில்லை. இரும்பில் ஒட்டியிருக்கும் துளிக் காந்தத்தை வைத்துத் தொடங்கி, சுழலச் சுழலத் தன் காந்தத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும். சரியாக நூறு வருடம் கழித்து, 1966இல், கிழக்கு ஜேர்மனியில் மக்ஸ் ஸ்டேன்பெக், ஃப்ரிட்ஸ் கிரவுசே, கார்ல்-ஹைன்ஸ் ரேட்லர் மூவரும் கம்பியோ இரும்போ இல்லாமல், சுழன்று கொந்தளிக்கிற வாயுவே டைனமோவாக முடியும் என்று கணக்கில் காட்டினார்கள். சூரியனுக்கும் கலக்ஸிக்கும் அது பொருந்துகிறது. கட்டுரைகளை எழுதியது ஜேர்மன் மொழியில். நடுவில் பெர்லின் சுவர். இருந்தும் 1971இல் அமெரிக்காவில் அவற்றை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார்கள். 1999இல் கார்ல்ஸ்ரூவவில் குழாய்களில் திரவ சோடியத்தைச் சுழற்றி ஓடவிட்டபோது, காந்தம் தானாகவே பிறந்தது.

எல்லாம் முடிந்துவிடவில்லை. பெருக்குவதற்கு முதலில் ஒரு துளிக் காந்தம் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? 1950இல் கோட்டிங்கனில் லுட்விக் பீர்மான் ஒரு வழி சொன்னார். பெருவெடிப்பை ஒட்டிய காலத்திலேயே தோன்றியது என்பவர்களும் இருக்கிறார்கள். இன்னும் முடிவில்லை. 2019இல் லோஃபார் தொலைநோக்கி, இரண்டு கலக்ஸிக் கொத்துகளுக்கு இடையே ஏறக்குறைய ஒரு கோடி ஒளியாண்டு வெளியிலும் காந்தப்புலம் இருப்பதைக் காட்டியது.

ஐ.ரி. விரும்புகிறவர்களுக்கு லோஃபாரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் திரும்புகிற தட்டே கிடையாது. நெதர்லாந்திலும் சுற்றியுள்ள நாடுகளிலும் நிலத்தில் நட்ட சாதாரண அன்ரெனாக்கள்தான். வானத்தில் எங்கே பார்ப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. மென்பொருளே தொலைநோக்கி. அதன் ஜேர்மன் நிலையங்களில் ஒன்று எஃபெல்ஸ்பேர்க் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புரோகிராம் எழுதத் தெரிந்து, பிசிக்கும் புரிகிறவர்களுக்கு அங்கே செய்ய நிறைய வேலை உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆராய்ச்சியில் நிரந்தர வேலை கிடைப்பது கடினம். பல வேலைகள் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தங்கள். எல்லோரும் விஞ்ஞானியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிசிக் படித்தவர்களுக்குக் கதவு அடைபடுவதில்லை. என் வேலையிடங்களில் பிசிக் பட்டதாரிகளோடு ஒரே மேசையில் இருந்திருக்கிறேன். சிக்கலான ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாகப் பிரித்து யோசிப்பதில் அவர்களைத்தான் தேடுவார்கள். பதினாறு வயதில் பிசிக்கை விட்டவருக்கோ அந்தப் பக்கம் திரும்பி வருவது இரட்டை வேலை.

அந்தத் தட்டு நம் அம்மா அப்பாவின் வரிப்பணத்திலும் நிற்கிறது. கோயில் தேருக்கு வருடா வருடம் ஹம் வரை போகிற குடும்பங்கள், ஒரு கோடைச் சனிக்கிழமையை ஐஃபெலுக்கு ஒதுக்கலாம். பார்வையாளர் கூடத்தில் விளக்கவுரை உண்டு, நேரத்தை முதலே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு, அந்த 3200 தொன் இரும்பு மெதுவாகத் திரும்புவதைப் பாருங்கள். பாடத் தெரிவுப் படிவத்தை அதற்குப் பிறகு நிரப்புங்கள்.