அந்தப் படத்தைக் கடைசியா எப்போ போட்டாங்க?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு லேத் மெஷினை வைத்துப் பட்டறை நடத்துபவர்கூட மார்ச் 31 வந்தால் ஸ்டாக் எடுக்கிறார். எத்தனை கிலோ கம்பி மிச்சம், எவ்வளவு போல்ட் துருப்பிடித்தது, எதைப் பழைய இரும்புக்குத் தள்ளலாம் என்று எழுதி ஆடிட்டரிடம் கொடுத்தால்தான் மனுஷனுக்குத் தூக்கம் வரும். பி.காம். முதல் வருஷத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சரக்கு என்று ஒன்று இருந்தால், அதற்கு ஒரு ரிஜிஸ்டர் இருக்க வேண்டும்.

இப்போது நம் தமிழ் டி.வி. சேனல்களிடம் போய், ‘ஐயா, உங்கள் கிடங்கில் என்னென்ன பழைய படங்கள் இருக்கின்றன? ஒவ்வொன்றையும் கடைசியாக எப்போது ஒளிபரப்பினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் நல்லவராக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்கலாம். பதில் கிடைக்காது.

அவர்களிடம் கணக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பங்குச் சந்தையில் இருக்கும் டி.வி. கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், பட உரிமைகள் ‘கண்ணுக்குத் தெரியாத சொத்து’ என்ற வகையில் கோடிகளில் உட்கார்ந்திருக்கும். வருஷா வருஷம் அதில் ஒரு பகுதியைச் செலவாக எழுதிக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஒரு நாள் அந்தச் சொத்தின் மதிப்பு கணக்கில் பூஜ்யமாகிவிடும். அந்தப் பூஜ்யத்துக்குள் எந்த எம்.கே.டி. இருக்கிறார், எந்த டி.ஆர்.ராஜகுமாரி இருக்கிறார் என்று பெயர் போட்டு யாரும் எழுதுவதில்லை. தொகை இருக்கிறது. பட்டியல் இல்லை.

‘போகட்டுமே, அவங்க சொத்து, அவங்க பாடு’ என்கிறீர்களா? அங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன்.

*

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் நீளமான பேரேடு ஒன்று உண்டு. தினமும் காலையில் பேப்பரில் வரும் டி.வி. நிகழ்ச்சிப் பகுதியைப் பார்த்து, பழைய படம் ஏதாவது இருந்தால் தேதி, சேனல், படத்தின் பெயர் என்று குறித்துக்கொள்வார். படத்தைப் பார்த்து முடித்ததும் இன்னும் இரண்டு கட்டங்களை நிரப்புவார். ‘டைட்டில் போட்டானா?’ என்று ஒன்று. ‘எத்தனை பாட்டு வெட்டு?’ என்று இன்னொன்று.

‘‘நோட்டுல இதுவரைக்கும் ஏறாத படம் வந்துச்சுன்னா சிவப்பு இங்க்குல எழுதுவேன் தம்பி. இப்பல்லாம் அந்தப் பேனா காஞ்சுபோய்க் கெடக்குது’’ என்றார்.

அந்த ஒரு வரியில் முழு கேஸும் இருக்கிறது. சுற்றிச் சுற்றி அதே படங்கள். ‘திருவிளையாடல்’ வரும், ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வரும், ‘காதலிக்க நேரமில்லை’ வரும். நல்ல படங்கள்தான், மறுக்கவில்லை. தினமும் ஒருவேளை போட்டாலும் பார்ப்பேன். ஆனால், எல்.வி.பிரசாத், கே.ராம்நாத், எஸ்.பாலசந்தர் என்று ஒரு பெரும் கூட்டம் இங்கே படமெடுத்திருக்கிறது. விக்டர் ஹ்யூகோவின் நாவலை வைத்து ராம்நாத் 1950-ல் எடுத்த ‘ஏழை படும் பாடு’ உங்கள் வீட்டு டி.வி.யில் கடைசியாக எப்போது வந்தது? ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கி 1965-ல் தந்த ‘உன்னைப்போல் ஒருவன்’? ராஜாஜி கதையை சிங்கீதம் சீனிவாசராவ் 1974-ல் எடுத்த ‘திக்கற்ற பார்வதி’? ஞாபகம் வரவில்லை அல்லவா? நமக்கு ஞாபகம் இல்லாததும், அவர்கள் பட்டியல் வெளியிடாததும் ஒன்றுக்கொன்று நல்ல கூட்டாளிகள்.

‘பழைய பேப்பர் கணக்கு எழுதுவது வேலையில்லாதவன் வேலை’ என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். பி.பி.சி. இதையே செய்தது. தன் ‘ரேடியோ டைம்ஸ்’ பத்திரிகையில் 1923 முதல் 2009 வரை வந்த நிகழ்ச்சிப் பட்டியல்களை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி 2014-ல் திறந்துவிட்டது. 86 வருஷத்துப் பட்டியல்! நம் ஊரில் என்ன நிலைமை? மத்திய அரசின் வழிகாட்டு விதிப்படி, சேனல்கள் ஒளிபரப்பியதன் பதிவை 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும். 91-வது நாள் கைகழுவிவிடலாம். நம்முடைய சினிமா நினைவின் ஆயுசு, சட்டப்படி மூன்று மாசம்.

*

இதில் தொட்டுக்கொள்ள ஒரு சுவாரஸ்யம். சன் டி.வி. ஆரம்பித்தது 1993 ஏப்ரல் 14. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1994 ஏப்ரல் 14 அன்று, அமெரிக்காவில் டெட் டர்னர் என்ற டி.வி. முதலாளி, பழைய படங்களுக்கென்றே டர்னர் க்ளாஸிக் மூவீஸ் என்ற சேனலைத் தொடங்கினார். 1986-லேயே எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் பழைய படங்களைக் கொத்தாக வளைத்துப் போட்டவர் அவர். நம் சேனல்காரர்கள் கோடம்பாக்கத்தில் செய்த அதே வியாபாரம்தான்.

ஆனால், அங்கே படத்தை வெட்டுவதில்லை. நடுவில் விளம்பரம் கிடையாது. படத்துக்கு முன்னால் ஒருவர் வந்து இது யார் எடுத்தது, ஏன் பார்க்க வேண்டும் என்று நாலு வார்த்தை சொல்வார். என்னென்ன படம் வரப்போகிறது என்று முன்கூட்டியே அட்டவணை வெளியாகும். அதை வைத்து எந்தப் படம் எத்தனை முறை வந்தது, எது வரவே இல்லை என்று ரசிகர்கள் கணக்கெழுதிச் சண்டை பிடிப்பார்கள்.

டர்னர் ஒன்றும் மகாத்மா இல்லை. எண்பதுகளில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு கம்ப்யூட்டரில் கலர் அடிக்கக் கிளம்பியவர். இயக்குநர்களும் ரசிகர்களும் திரண்டு திட்டினார்கள். அந்த ரகளையின் நடுவில்தான் 1988-ல் அமெரிக்காவில் திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து வருஷத்துக்கு 25 படங்களைத் தேர்ந்தெடுத்து, தேசியப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவர்களால் ஏன் சண்டை போட முடிந்தது? எந்தப் படம் யார் கையில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது. என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால், என்ன தொலைந்தது என்று எப்படிக் கேட்பது?

தொலைந்தது கொஞ்சநஞ்சமில்லை. நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் ‘கீசக வதம்’ போயே போய்விட்டது. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ ஒரு பிரதிகூட இல்லை. ‘அதெல்லாம் அந்தக் காலம் சார்’ என்பீர்கள். சரி, 1988-க்கு வாருங்கள். பாலு மகேந்திராவின் ‘வீடு’, அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். அதன் நெகட்டிவ் இல்லை என்று, உயிரோடு இருந்தபோதே அவர் வேதனையோடு சொன்னார். ஒரு சொந்த வீட்டுக்காக அல்லாடும் பெண்ணின் கதை அது. அந்தப் படத்துக்கே குடியிருக்க ஓர் இடம் கொடுக்க முடியாத ஊர் இது.

ஃபிலிம் என்பது ஊறுகாய் ஜாடி இல்லை, பரணில் வைத்து மறந்துவிட. ஐம்பதுகளின் ஆரம்பம் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். 2003 ஜனவரியில் புனேயில் நம் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்களே தீயில் போயின. அதற்குப் பிறகு வந்த அசிடேட் ஃபிலிம் எரியாது. சூட்டிலும் ஈரத்திலும் வினிகர் நாற்றம் அடித்துச் சுருங்கிச் சாகும். சென்னை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

சேனல் தரப்பில் மூன்று சமாதானங்கள் சொல்வார்கள். மூன்றையும் பார்த்துவிடலாம்.

ஒன்று, ‘பழைய படத்தை யார் சார் பார்க்கிறாங்க? ரேட்டிங் வராது’. இந்தப் பேச்சுக்கு 2012 மார்ச்சில் பதில் கிடைத்துவிட்டது. 1964-ல் வந்த ‘கர்ணன்’ படத்தைச் சுத்தம் செய்து, டிஜிட்டலில் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். டி.வி.யில் எத்தனையோ முறை பார்த்த படம்தான். சென்னையில் நூறு நாள் தாண்டி ஓடியது. ஜனங்கள் பழைய படத்தை வெறுக்கவில்லை. அழுக்குப் பிரிண்ட்டையும், பாதி பாட்டு வெட்டியதையும், நாலுக்கு மூன்று ஃப்ரேமைப் பக்கவாட்டில் இழுத்து பத்மினியைக் குண்டாகக் காட்டுவதையும்தான் வெறுக்கிறார்கள்.

இரண்டு, ‘அதான் யூடியூப்ல எல்லாம் இருக்கே’. இருப்பதில் பலவற்றின் ஓரத்தில் சேனல் லோகோ இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? டி.வி.யில் வெட்டிப் போட்டதை யாரோ பதிவு செய்து ஏற்றியது. வெட்டுப்பட்ட படமே அடுத்த தலைமுறைக்கு முழுப் படம் ஆகிறது. டைட்டிலை முழுங்கிவிட்டதால் கேமராமேன் யார், கலை இயக்குநர் யார் என்பதும் போய்விட்டது. ஏற்றியவர் நாளைக்கே நீக்கினால் அதுவும் அம்போ.

மூன்று, ‘காசு கொடுத்து வாங்கினோம். எங்கள் இஷ்டம்’. இதுதான் உண்மையான பதில், மற்றது எல்லாம் சும்மா. இதற்கும் பதில் உண்டு. அலைவரிசை பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. பொதுச்சொத்தில் கடை போட்டிருப்பவரிடம் ‘கடையில் என்ன இருக்கிறது?’ என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது இன்னும் முக்கியம். இந்தியாவில் ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்து 60 வருஷம். அதாவது 1964-ல் வந்த ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நவராத்திரி’ ஆகியவற்றின் காப்புரிமை 2024 டிசம்பர் 31-டன் முடிந்தது. பாட்டுக்கும் கதைக்கும் தனிக் கணக்கு உண்டு என்று வக்கீல்கள் கொக்கி போடுவார்கள், போடட்டும். படம் என்ற வகையில் ‘பராசக்தி’யும் ‘அந்த நாள்’ படமும் இன்று உங்களுக்கும் எனக்கும் சொந்தம். ஆனால், நல்ல பிரிண்ட் யார் பீரோவில் இருக்கிறது? பத்திரம் நம் பெயரில், சாவி அவர்கள் இடுப்பில். சொத்துத் தகராறுகளிலேயே விசித்திரமான தகராறு இது!

*

இந்த மேற்குப் பக்கத்து ஜனங்களுக்கு இதில் தனி நியாயம் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தியேட்டர்களில் பழைய படங்களைப் பகல் காட்சியாக ஓட்டிய காலம் ஒன்று உண்டு. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் நேராக டிக்கெட் எடுத்து உள்ளே போவார்கள். பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் வசனத்தைக் கூடவே சொல்வார்கள். இன்றைக்கு மல்டிப்ளெக்ஸில் அந்தக் காட்சியே கிடையாது. தியேட்டர் கைவிட்டதை டி.வி. எடுத்துக்கொண்டது. டி.வி.யும் கைவிட்டால் அடுத்த நிறுத்தம் காயலான் கடைதான்.

அதனால் கேட்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்றே விஷயம்.

ஒவ்வொரு சேனலும் வருஷா வருஷம் மார்ச் 31 அன்று, கையில் இருக்கும் பழைய படங்களின் பட்டியலை வெளியிடட்டும். படத்தின் பெயர், ஆண்டு, பிரிண்ட்டின் நிலைமை, கடைசியாக ஒளிபரப்பிய தேதி என நாலே கட்டம் போதும். அம்பத்தூர் பெரியவர் கைச்செலவில் செய்வதைக் கோடிகளில் புரளும் கம்பெனியால் செய்ய முடியாதா?

இரண்டாவது, ஒளிபரப்பினால் டைட்டிலோடு முழுசாக ஒளிபரப்பட்டும்.

மூன்றாவது, அரசாங்கத்துக்கு. 1954-ல் வந்த சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் அந்த மரியாதை உண்டு. வாசனின் ‘சந்திரலேகா’வுக்கு இல்லை. சினிமாவில் இருந்து ஐந்து முதல்வர்களை உட்காரவைத்த மாநிலம் என்று மேடைக்கு மேடை பெருமைப்படுகிறோமே, அந்த சினிமாவின் ஒரு பிரதியைச் சேர்த்துவைக்க ஒரு சட்டம் கொண்டுவரக் கூடாதா?

எங்கே வைப்பது என்ற கவலையும் வேண்டாம். பூந்தமல்லி பக்கத்தில் சுமார் 150 ஏக்கரில், 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் என்று 2024-ல் அரசே அறிவித்திருக்கிறது. புதுப் படம் எடுக்க அரங்குகள், தொழில்நுட்பக் கூடங்கள், ஓட்டல் எல்லாம் வரட்டும். அந்த 150 ஏக்கரில் ஒரே ஒரு ஏக்கர் கேட்கிறேன். ஈரமில்லாத, குளிரூட்டிய ஒரு கிடங்கு. பக்கத்தில் நூறு பேர் உட்காரும் ஒரு சின்ன தியேட்டர். வாசலில் ஒரு ரிஜிஸ்டர்.

டிக்கெட் வாங்க முதல் ஆளாக நான் வரிசையில் நிற்கிறேன். பெரியவருக்கு ஒரு பாட்டில் சிவப்பு இங்க் வாங்கித் தருவதும் என் பொறுப்பு.