திரும்பிப் பறக்கும் துணிவு

2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து மும்பை வந்த சிறிய தனியார் ஜெட் விமானம் ஒன்று, கனமழையில் தரையிறங்குகையில் ஓடுபாதையை விட்டு விலகி உடைந்தது. உள்ளே இருந்த 8 பேரும் உயிர் பிழைத்தனர்.

எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்திலிருந்து வேகமாக இறங்கியது. இறங்காமல் மேலே எழும்பிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் ஒலித்தது. தலைமை விமானி கேட்கவில்லை. சுமார் 2,450 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழ 1,600 மீட்டர் கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. 158 பேர் மாண்டனர். 8 பேரே பிழைத்தனர்.

அவர் அனுபவம் மிக்கவர். பயணத்தின்போது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக உறங்கியிருந்தார் என்று விசாரணை கண்டது. ஆனால் இறந்தவர்மீது பழியைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடலாகாது. மேலெழும்பி வட்டமடித்து மீண்டும் வர, சிறிது எரிபொருளும் சில நிமிடங்களும் போதும். அதை இழுக்கென்று நினைக்கும் மனமே ஆபத்து.

துணை விமானி சொன்னார். ஆனால் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்கவில்லை. மூத்தவர் முன் இளையவர் தயங்குவது நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பங்குகளிலும் ஊறிய பழக்கம். நம்மைத் திருத்த வரும் இளையவரின் முதல் சொல்லுக்கே செவிகொடுக்கிறோமா? சிந்திப்போம்.