கோவலனுக்கு ஒரு வழக்குரைஞர்

மதுரை மாநகருக்குக் கோவலன் புதியவன். புகாரில் அவன் குடிப்பெருமை பெரிது; மதுரை அரண்மனையிலோ அவனுக்காக வாய்திறக்க ஓர் ஆளில்லை. பொற்கொல்லன் சொல்லே சான்றாயிற்று. அரசவையில் அயலூரானிடம் ஒரு வினாவும் கேட்கப்படவில்லை. முதலில் வாள் வந்தது. வழக்கு அதன் பின்னரே வந்தது. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும், பாண்டியன் தன் பிழையுணர்ந்து உயிர்விட்டதும் மெய்தான். மாண்ட கோவலனுக்கு அதனால் விளைந்த பயன் யாது?

கண்ணகியா மாதவியா என்று பட்டிமன்றம் கூட்டி மகிழும் நாம், கொலைவாள் ஓங்கப்படுமுன் கோவலனுக்காகப் பேசியிருக்க வேண்டியவர் யார் என்ற வினாவை எழுப்பியதில்லை. அது பழங்கதையன்று. 1983 ஜூலைக் கலவரம் தொட்டுக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழரும் அவர்தம் மக்களுமாக அரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இன்றும் வாழ்கின்றனர். 2021இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. நல்லதே, ஆனால் பெயர்ப்பலகை மாறியதனால் எவரும் குடிமக்கள் ஆகிவிடுவதில்லை.

சட்டமோ அவர்கள் தலைக்குமேல் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்த குழந்தை, அயல்நாட்டுத் தூதரின் மக்கள் போன்ற சிலர் நீங்கலாக, பிறப்பாலேயே இந்தியக் குடி. அந்நாள் முதல், பெற்றோருள் ஒருவராவது இந்தியக் குடியாயிருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின், பெற்றோருள் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாயின் பிள்ளைக்கு அவ்வழியும் அடைபட்டது. உயிருக்கு அஞ்சிப் படகேறியவர் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் பெற்றா வருவார்? சட்டத்தின் கண்ணுக்கு அவரும் அத்தகைய குடியேறியே. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைச் சொல்லி நின்றுவிட்டது; இலங்கையைச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அதன் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களிக்கப்பட்டது. சிறையச்சம் நீங்கியது, குடியுரிமை கிட்டவில்லை. 2022இல் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது பசிக்கு அஞ்சித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கியோர்க்கு அவ்விலக்கும் இல்லை.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்மணி ஒருவரின் வழக்கை நம் அன்பர்கள் அறிதல் வேண்டும். மேற்சொன்ன விதிப்படி அவர் பிறந்தபோதே இந்தியக் குடி. ஆயினும் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி, 2022 ஆகஸ்டிலேதான் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். நீதிமன்றம் அவருக்குப் புதிய உரிமை எதனையும் படைத்துத் தரவில்லை. தொட்டிலில் கிடந்தபோதே அவருக்கிருந்ததை எடுத்துரைத்தது. இடையில் கழிந்த முப்பத்தாறு ஆண்டுகளில் இல்லாதிருந்தது சட்டமன்று. அச்சட்டத்தை மன்றத்தில் எடுத்துச்சொல்லும் வாய்.

'நாமே பிழைக்க வந்தவர்கள். நமக்கேன் இந்த வம்பு?' என்பார் நம்முள் உளர். அவர்கள் தாம் வாழும் ஊரையே பார்க்கவில்லை என்போம். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று ஹௌராவில் வந்திறங்கிய நம் முன்னோர் லேக் மார்க்கெட்டைச் சுற்றி வேரூன்றிய இந்நகரிலேதான், பிரிவினையில் வீடிழந்த கிழக்கு வங்கத்தார் ஜாதவ்பூரிலும் பிஜய்கட்டிலும் காலனிகள் அமைத்தனர். 1951இல் அவர்களை வெளியேற்ற மசோதா வந்தபோது, கஞ்சித்தொட்டி போதுமென்று அடங்கினார்களா? சட்டத்தின் ஒவ்வொரு சொல்லோடும் மல்லாடி அதைத் திருத்த வைத்தார்கள். அண்மைக்கு வருவோம். 2025 ஜூனில் வீர்பூம் மாவட்டத்துக் கூலிக் குடும்பங்கள் இரண்டு தில்லியில் பிடிக்கப்பட்டு வங்காளதேசத்துக்குள் தள்ளப்பட்டன. அவர்களுள் ஒருவர் கருவுற்றிருந்த பெண். செப்டம்பரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவ்வெளியேற்றம் செல்லாதென்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபின் டிசம்பரில் அப்பெண் தம் மகனோடு திரும்பினார். மனு எழுத ஒருவர் இல்லாதிருந்தால்?

இந்தியா ஒரு தர்மசாலையன்று என 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதைச் சுட்டுவோரும் உளர். தர்மசாலையை யார் கேட்டார்? அரசமைப்பின் 39அ பிரிவு, வறுமையால் எந்தக் 'குடிமக'னுக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்கிறது. அதன் வழிப் பிறந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவோ குடிமகன் என்னாது 'ஒவ்வொரு நபரும்' என்கிறது. பெண்டிர், குழந்தைகள், காவலில் உள்ளோர், இனக்கலவரத்தால் நலிந்தோர் என வரிசைப்படுத்தி, இவர்க்கெல்லாம் இலவசச் சட்ட உதவி உரியது என்கிறது. ஒரு சொல்லிலே எத்துணை வேறுபாடு! 1983இன் எரிநெருப்பிலிருந்து வந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாக ஒரு கதவு திறந்திருக்க முடியாது. முகாமில் எத்தனை பேர் அதை அறிவர்? அறிந்தாலும் தட்டுவதற்குத் துணை எவர்?

கவியரங்கம் கூட்டினோம், பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்கினோம், துணிமணியும் திரட்டி அனுப்பினோம். அவற்றை இகழவில்லை. ஆனால் கிழிந்த தகரப்பெட்டிக்குள் கிடக்கும் பிறப்புச் சான்றையும் முகாம்ப் பதிவையும் பெற்றோரின் இலங்கை ஆவணத்தையும் தேடியெடுத்து, நாள் தவறாமல் மனுச் செய்வது கவியரங்கத்தால் ஆகாது. அது நம்மால் ஆகும். அரசு அலுவலகங்களில் ஆயுள் முழுதும் கோப்பெழுதி ஓய்வு பெற்றோர் நம் சங்கத்தில் எத்தனை பேர்! வழக்குமன்றம் செல்வோரும் இருக்கின்றனர்.

ஆதலின், இம்மலருக்கு வந்த விளம்பர வருவாயில் மூன்றிலொரு பங்கை முகாம்வாழ் மக்களின் வழக்குச் செலவுக்கு ஒதுக்கவும், ஆவணங்களைச் சரிபார்த்து மனு வரையும் குழுவொன்றை அமைக்கவும் வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறோம். எதிர்ப்போர் தம் காரணங்களை எழுத்தில் தருக. அவற்றையும் கூட்டத்திலேயே படிப்போம்.